டாக்டரம்மா சிரித்தது எதற்கு?

மேடையில் அமர்ந்திருக்கும் ஆய்வு நிலைய இயக்குநர் அவர்களே, அவருக்கு இருபுறமும் வீற்றிருக்கும் பேராசிரியப் பெருமக்களே, முன்வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் டாக்டரம்மாவின் கணவர், எங்கள் போட்டோ ஸ்டூடியோ ஐயா அவர்களே, பக்கத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் மகளே, பதினைந்து வருடம் டாக்டரம்மாவின் வலது கையாக இருந்த டெக்னீஷியன் அம்மா அவர்களே, உள்ளே இடம் கிடைக்காமல் வராந்தாவிலும் மாடிப்படியிலும் நிற்கும் என் கடைத்தெருச் சொந்தங்களே! உங்கள் எல்லோருக்கும் கனத்த நெஞ்சோடு என் வணக்கம்.

நான் டாக்டர் இல்லை, பேராசிரியர் இல்லை. மோட்டாருக்கும் மின்விசிறிக்கும் சுற்றுகிற செம்புக் கம்பி விற்கும் வியாபாரி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வைண்டிங் பட்டறையில் விரல் கிழியக் கிழியக் கம்பி சுற்றிக் கற்றுக்கொண்டு, பிறகு சொந்தமாகக் கடை போட்டவன். எனக்கு மேடைப் பேச்சு வராது. பேரம் பேச வரும், உண்மை பேச வரும். இன்றைக்குப் பேரம் இல்லை.

எனக்கு முன்னால் மூன்று பெரியவர்கள் பேசினார்கள். "காந்தத்தால் மனித மனத்துக்கு மகிழ்ச்சியைப் பரிசளித்த மாமேதை" என்றார் ஒருவர். "ஆரோக்கியமானவர்களையும் ஆனந்தமாக்கிய அற்புதப் பெண்மணி" என்றார் இன்னொருவர். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் கையைத் தூக்கினேன். தூக்கிய கையை அப்படியே இறக்கிக்கொண்டேன். ஏன்? அது பொய்! டாக்டரம்மா தன் கடைசி நாள் வரை "நான் அப்படிச் சொல்லவில்லை, அப்படிச் சொல்லவில்லை" என்று எந்த வார்த்தையை மறுத்துக்கொண்டே இருந்தாரோ, அந்த வார்த்தையை அவர் மூச்சு அடங்கி மூன்று வாரம் ஆவதற்குள் அவர் வாயில் திணிக்கிறோம். இது அஞ்சலியா? இதற்குப் பெயர் புகழ்ச்சியா?

அதோ, மேஜைமேல் பூ வைத்து ஒரு படம் வைத்திருக்கிறார்கள். டாக்டரம்மா வாய்விட்டுச் சிரிக்கிற படம். நல்ல படம். உள்ளே வரும்போது உங்கள் எல்லோர் கையிலும் ஒரு பளபளப்புத் தாள் கொடுத்தார்களே, அதிலும் அதே படம்தான். கீழே எழுதியிருப்பதைப் பாருங்கள்: "மனமலர்ச்சிப் பிரிவு. நலமாக இருப்போர் மேலும் மகிழ்ச்சியாக இருக்க." காசு வாங்கிக்கொண்டு தலையில் காந்தம் வைக்கப் போகிற அந்தப் பிரிவுக்கு டாக்டரம்மாவின் பெயரை வைக்கப் போகிறார்கள். சம்மதம் என்று அவர் கணவர் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கடிதம் இதோ, இந்தப் பச்சைக் கோப்பில், இயக்குநர் அவர்களின் முழங்கைக்குக் கீழே இருக்கிறது. நன்றியுரை முடிந்ததும் கையெழுத்தாம். அதனால் எனக்கு இருக்கிற நேரம் நன்றியுரை வரைக்கும்தான். அதற்குள் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன். அந்தப் படத்தில் டாக்டரம்மா சிரிக்கிறாரே, எதற்குச் சிரித்தார்? இந்தக் கூடத்தில் அதற்குப் பதில் தெரிந்தவர்கள் மூன்றே பேர். ஐயா, டெக்னீஷியன் அம்மா, நான்.

முதலில் அவர் என் கடைக்கு வந்த கதையைச் சொல்கிறேன்.

ஒன்பது வருடம் ஆகிறது. நல்ல மழை. ஒரு அம்மா குடையை மடக்கிக்கொண்டு படி ஏறினார். செருப்பெல்லாம் சேறு. மின்விசிறி பழுது பார்க்க வந்தவர் என்று நினைத்தேன்.

"என்னம்மா, மோட்டாரா, ஃபேனா?"

"தலைங்க."

"தலையா?"

"மனுஷத் தலை. அதுமேல வைக்கறதுக்கு ஒரு காயில் சுத்தணும்."

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் பில் புத்தகத்திலேயே படம் வரைந்து காட்டினார். இரண்டு வட்டம், எட்டு என்று எழுதின மாதிரி. அந்தக் காயிலில், அதாவது கம்பிச் சுருளில், ஒரு நொடிக்கும் குறைவாக மின்சாரம் பாய்ந்தால் காந்தம் உண்டாகும். நெற்றிக்கு மேலே வைத்தால் அந்தக் காந்தம் மண்டை ஓட்டைத் தாண்டிப் போய் மூளையில் ஒரு சின்ன இடத்தைத் தட்டி எழுப்பும். கத்தி இல்லை, ஊசி இல்லை. 'டிக் டிக் டிக்' என்று சத்தம், மண்டையில் விரலால் சுண்டுகிற மாதிரி ஒரு தட்டு, அவ்வளவுதான். மனச்சோர்வில் விழுந்து கிடக்கிற நோயாளிகளுக்கு டாக்டர்கள் இதை வைத்தியமாகவே செய்கிறார்கள். அதைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் தப்பாகச் சொல்ல வரவில்லை. அது டாக்டருக்கும் நோயாளிக்கும் உள்ள விஷயம். நம் டாக்டரம்மாவின் கேள்வி வேறு. ஒரு நோயும் இல்லாத ஆளுக்கு, உங்களையும் என்னையும் போன்ற ஆளுக்கு, இந்தத் தட்டு விழுந்தால் கோபமும் பயமும் சந்தோஷமும் மாறுமா? மாறினால் எவ்வளவு?

"சரிம்மா, நல்லாச் சுத்தித் தரேன்" என்றேன்.

"நல்ல காயில் எங்ககிட்ட இருக்குங்க. எனக்கு வேலை செய்யாத காயில் வேணும்."

எனக்குச் சுருக்கென்றது. "அம்மா, முப்பது வருஷமா வேலை செய்யற காயில் சுத்தத்தான் கத்துக்கிட்டிருக்கேன். கெட்டுப்போனதுதான் வேணும்னா, அதோ மூலையில ஒரு டப்பா நிறைய கிடக்கு, அள்ளிட்டுப் போங்க."

"கெட்டது வேண்டாம். அசல் மாதிரியே இருக்கணும். அதே கனம், அதே சத்தம், அதே தட்டு. ஆனா தலைக்குள்ள ஒண்ணும் போகக் கூடாது. டம்மி."

"எங்க தெருவுல இதுக்கு மோசடின்னு பேரு."

"வித்தா மோசடிதான். நான் விக்கப் போறதில்லையே. டம்மி இல்லாம நான் சொல்ற எதையும் நீங்க நம்பாதீங்க."

அந்த ஒரு வாக்கியத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். டம்மி இல்லாமல் நான் சொல்கிற எதையும் நம்பாதீர்கள்! எந்த வியாபாரி தன் சரக்கைப் பற்றி இப்படிச் சொல்வான்? நான் சொல்வேனா? சத்தியமாகச் சொல்ல மாட்டேன்.

இரண்டு பக்கமும் எதிரெதிராகச் சுற்றி, காந்தம் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு காயில் செய்தேன். உள்ளே சத்தத்துக்கு ஒன்று, தட்டுக்கு ஒன்று, இரண்டு சின்னச் சாமான் வைத்தேன். நாலு முறை திருப்பி அனுப்பினார். "கனம் கம்மியா இருக்கு", "சத்தம் தகரம் மாதிரி இருக்கு", "தட்டு சோம்பேறித்தனமா இருக்கு". ஐந்தாம் முறை சரி என்றார். இரண்டு காயிலையும் ஒரே மாதிரி உறைக்குள் போட்டு மூடினார்கள். டெக்னீஷியன் அம்மா தனியாக உட்கார்ந்து ஒன்றின் கைப்பிடியில் நீல டேப்பும் இன்னொன்றில் மஞ்சள் டேப்பும் சுற்றினார். எந்த நிறம் டம்மி என்று ஒரு சீட்டில் எழுதி, உறையில் ஒட்டி, ஐயாவின் ஸ்டூடியோ பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். டாக்டரம்மாவுக்கே தெரியாது! தெரிந்தால் தன் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்று அவருக்குத் தன்மேலும் சந்தேகம்.

பிறகு என்னைக் கூப்பிட்டார். "சுத்தின ஆள் நீங்க. உங்களாலயே கண்டுபிடிக்க முடியலேன்னா என் டம்மி பாஸ். பத்து நாள் வந்து உட்காருங்க. உங்களைக் கணக்குல சேர்க்க மாட்டேன். இது வெள்ளோட்டம்."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. என் கையால் சுற்றிய கம்பி என் தலைக்குத் தெரியாதா?

அந்த அறையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? மூன்றாம் மாடி, கடைசிக் கதவு. பல் டாக்டர் நாற்காலி மாதிரி ஒரு நாற்காலி. சுவரில் பெரிய கடிகாரம். ஒரு திரை. காதை அடைக்கப் பஞ்சு. தட்டி முடிந்ததும் திரையில் முகங்கள் வரும். கோப முகம், பயந்த முகம், சிரித்த முகம். கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். எது என்று பொத்தானை அழுத்த வேண்டும். அந்த முகங்கள் எல்லாம் ஐயா எடுத்த படங்கள்; இந்தக் கடைத்தெரு ஆட்களின் முகங்கள். கோப முகம் எண் பதினான்கு யார் தெரியுமா? என் மனைவி. ஸ்டூடியோவில் கோபப்படச் சொன்னால் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்ததாம். நான் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் கழித்து உள்ளே நுழைந்தேன். ஐயா கேமராவைத் தட்டினார். முடிந்தது வேலை. அந்த முகம் திரையில் வந்தபோது நான் பொத்தானை அழுத்திய வேகத்தைப் பார்த்து டாக்டரம்மா, "இது காந்தம் இல்லீங்க, இது கல்யாணம்" என்றார்.

சிரியுங்கள். இந்தக் கூட்டத்தில் சிரித்தால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஐந்து நாள் நீலம், ஐந்து நாள் மஞ்சள். முதல் நாள் நீலம் முடிந்து படி இறங்கும்போதே எனக்கு உடம்பு லேசான மாதிரி இருந்தது. இரண்டாம் நாள் நெஞ்சில் ஒரு குளிர்ச்சி. கடையில் ஒருவரையும் நான் திட்டவில்லை, "அண்ணே, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார்கள். நான்காம் நாள், பதினோரு வருடமாகப் பேசாத என் தம்பியின் கடை வாசலில் போய் நின்றேன். கடைப் பெயர்ப்பலகை யாருக்கு என்ற சண்டையில் பிரிந்தவர்கள் நாங்கள். ஒரே தெரு, எதிரெதிர் வரிசை. பதினோரு வருடம் முகத்தைத் திருப்பிக்கொண்டே நடந்தோம். "என்னடா, எப்படி இருக்கே?" என்றேன். அவன் தராசை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தான். "என்னண்ணே, எதாவது பெரிய வியாதியா? டாக்டர் எதாவது சொல்லிட்டாரா?" என்றான். அதோ, மாடிப்படியில் நிற்கிறான் பாருங்கள், துண்டால் முகத்தைத் துடைக்கிறவன்.

மஞ்சள் நாட்களில் ஒன்றும் இல்லை. வெறும் தலைவலி. பத்தாம் நாள் நான் தீர்ப்பே சொல்லிவிட்டேன். "நீலம்தாம்மா அசல். பந்தயம் கட்டறேன். என் தம்பியோட என்னைச் சேர்த்து வெச்சதே அந்த நீலம்தான்." தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். காந்தம் என்னை மனிதனாக்கிவிட்டது என்று சொல்லாத ஆள் இல்லை.

ஐயா உறையைக் கொண்டுவந்தார். அன்றைக்கு அவர் கழுத்தில் கேமராவும் இருந்தது. டெக்னீஷியன் அம்மா உறையைப் பிரித்துப் படித்தார்.

நீலம், டம்மி.

என் கையால் சுற்றிய டம்மி! எதிரெதிராகச் சுற்றி, உள்ளே ஒரு துளி காந்தம் போகாதபடி நானே செய்த சாமான்! அதன் கீழே உட்கார்ந்து நெஞ்சு குளிர்ந்தவன் நான். நான் விழித்த விழிப்பைப் பார்த்து டாக்டரம்மா அந்த நீல டேப் காயிலைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். ஐயா தட்டிய படம் அதுதான். அதோ, அந்தப் படம்தான்!

ஐயாமார்களே, அந்தச் சிரிப்பு மகிழ்ச்சிக் காந்தத்தின் சிரிப்பு இல்லை. அது என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. காந்தமே இல்லாமல் ஒருவன் காந்தத்தால் திருந்திவிட்டேன் என்று ஊரைக் கூட்டினானே, அவனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. அவர் கையில் இருந்தது டம்மி. அந்தக் கை எங்கே? படத்தைப் பாருங்கள், தோளோடு நின்றுபோயிருக்கிறது. வெட்டிவிட்டார்கள். கையை வெட்டி, டம்மியை வெட்டி, சிரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்!

எனக்கு அன்றைக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. "அப்போ நான் என் தம்பிகிட்டப் பேசினது?" என்று கத்தினேன். சிரிப்பை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அது நீங்க பேசினதுங்க. காயில் பேசல. பதினோரு வருஷமா உங்களுக்கு ஒரு சாக்கு வேணும்னு இருந்துது, கிடைச்சுது. அந்தப் பேரை எதுக்குக் காந்தத்துக்குக் கொடுக்கறீங்க?"

இப்படி ஒரு மனுஷியை நீங்கள் எங்கே பார்ப்பீர்கள்? கையில் வந்து விழுந்த புகழைத் திருப்பிக் கொடுக்கிற மனுஷி!

சீட்டு வந்திருக்கிறது. நேரம் ஆகிவிட்டதாம். சீட்டுக்கு நன்றி. முன்னால் பேசிய மூன்று பேருக்கும் சீட்டு வரவில்லை, எனக்கு மட்டும் வருகிறது. பரவாயில்லை, பையில் போட்டுக்கொள்கிறேன்.

வெள்ளோட்டம் முடிந்து, நிறங்களை மறைத்து எண் ஒட்டி, உண்மையான ஆராய்ச்சி தொடங்கியது. நான்கு வருடம். இருநூறு பேருக்கு மேல். ஆஸ்பத்திரி நர்ஸ், பஸ் கண்டக்டர், தையல்காரர், காலேஜ் பிள்ளைகள், எல்லோரும் நலமாக இருப்பவர்கள். புதிய அளவு எதை வைத்தாலும் முதலில் டாக்டரம்மா தன் தலையில் வைத்துப் பார்ப்பார். ஒவ்வொருவருக்கும் மறுநாளும் அதற்கு மறுநாளும் அவரே போன் செய்வார். "தலை வலிக்குதா? தூங்கினீங்களா? எதுக்கும் எரிச்சல் வருதா?" எல்லாம் முடிந்த பிறகு ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, உங்களுக்கு வைத்தது அசலா டம்மியா என்று சொல்வார். "எதுக்கும்மா இவ்வளவு மெனக்கெடறீங்க?" என்று கேட்டேன். சொன்ன பதிலை அப்படியே சொல்கிறேன்: "நோயாளியைத் தொட்டா ஒரு நியாயம் இருக்கு, குணமாகணும்னு. நல்லா இருக்கறவங்க தலையைத் தொடறதுக்கு என்னங்க நியாயம் இருக்கு? தொட்டா ரெண்டு மடங்கு பதில் சொல்லணும்."

முடிவு என்ன வந்தது? அசல் காயில் வைத்தவர்கள், கோப முகத்தைக் கண்டுபிடிப்பதில் ஒரு துளி மெதுவானார்கள். எவ்வளவு துளி? கண் இமைக்கிற நேரத்தில் பத்தில் ஒரு பங்கு. அதுவும் அரை மணி நேரத்தில் மறைந்துவிட்டது. பயந்த முகத்தில் வித்தியாசம் இல்லை. சிரித்த முகத்தில் இல்லை. அந்த ஒரு துளிக்கு டாக்டரம்மா ஒரு மாதம் துள்ளினார். "பொடியாத்தான் இருக்கு, ஆனா உண்மையா இருக்கு!" என்று என் கடைக்கே வந்து சொன்னார். அந்தத் துளியை வைத்து இன்னும் பத்துக் கேள்வி கேட்கலாமாம். சரி, மனம் லேசானதா, மகிழ்ச்சி வந்ததா? அதையும் கேட்டு எழுதினார். அவர் அறிக்கையில் உள்ள வரி இது, எழுத்துக்கு எழுத்து படிக்கிறேன்: "அசல் சுருளின் கீழ் அமர்ந்தவர்களில் பத்தில் ஏழு பேர் மனம் லேசானதாகக் கூறினர், போலிச் சுருளின் கீழ் அமர்ந்தவர்களிலும் பத்தில் ஏழு பேர் அவ்வாறே கூறினர்."

இப்போது உங்கள் கையில் இருக்கிற பளபளப்புத் தாளைத் திருப்புங்கள். இரண்டாம் பத்தி. "பத்தில் ஏழு பேர் மனம் லேசானதாகக் கூறினர்." முற்றும். மீதி எங்கே? படத்தில் கை போன இடத்துக்கே அதுவும் போய்விட்டது!

நான் கேட்கிறேன். பாதி வாக்கியத்தை விற்பது எங்கள் தெருவில் நடந்தால் என்ன ஆகும்? ஒரு கிலோ கம்பி என்று அரைக் கிலோ எடை போட்டால் என் கடையில் கல் விழும். விழ வேண்டும்! படித்தவர்கள் செய்தால் பளபளப்புத் தாளா? நாளைக்கு ஒரு கம்பெனி தன் வேலைக்காரர்களை வரிசையாக அனுப்பும்: போய்க் காந்தம் வைத்துக்கொண்டு வா, முகம் சுளிக்காமல் வேலை செய் என்று. பரீட்சைக்குப் பயப்படுகிற பிள்ளையை ஒரு தாய் கூட்டிக்கொண்டு வருவாள். மறுநாள் அவர்களுக்கு யார் போன் செய்வார்கள்? "தலை வலிக்குதா?" என்று யார் கேட்பார்கள்?

டாக்டரம்மா இதற்கு ஒப்புக்கொண்டாரா? ஒப்புக்கொள்ளவில்லை! போன வருடம் இந்தத் திட்டம் வந்தபோது கையெழுத்துப் போட மறுத்தார். என்ன நடந்தது? மூன்றாம் மாடி அறையிலிருந்து தரைத் தளத்தில், லிஃப்ட் மோட்டாருக்குப் பக்கத்து அறைக்கு மாற்றினார்கள். டெக்னீஷியன் அம்மாவைப் பதிவேட்டுப் பிரிவுக்கு அனுப்பினார்கள். டாக்டரம்மா என்னிடம் வந்து அழவில்லை. "லிஃப்ட் மோட்டாருக்கு வைண்டிங் போயிடுச்சு போல, ஒரே சத்தம், வந்து பாருங்களேன்" என்றார். பார்த்தேன். வைண்டிங் நன்றாகத்தான் இருந்தது. கெட்டுப்போயிருந்தது வேறு.

நான் யார்மேலும் உயிர்ப்பழி போட வரவில்லை. மாரடைப்பு என்றார் மருத்துவர், அதோடு அது முடிந்தது. உயிரை யாரும் எடுக்கவில்லை. எடுக்கப் பார்ப்பது பெயரை. அதை நான் விட மாட்டேன்.

இந்தத் துணிப்பையில் என்ன இருக்கிறது என்று வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். காட்டுகிறேன். போன வாரம் என் பக்கத்துக் கடைப் பழைய இரும்பு வியாபாரி இந்த நிலையத்தின் கழிவுச் சாமானை மொத்தமாக எடுத்து வந்தார். "அண்ணே, இதுல செம்பு இருக்கு, உங்களுக்கு ஆகும்" என்று ஒரு உடைந்த உறையைக் கொடுத்தார். உள்ளே பார்த்தேன். எதிரெதிர்ச் சுற்று. என் சுற்று. எண் ஒட்டியிருந்த தாளைச் சுரண்டினேன். அடியில் நீல டேப்.

இதோ! டாக்டரம்மாவின் டம்மி! குப்பையில் போட்டார்கள். ஏன் போட்டார்கள் என்று எனக்குப் புரிகிறது. ஆராய்ச்சி செய்கிறவனுக்கு டம்மி வேண்டும். விற்கிறவனுக்கு எதற்கு? ஐயா இயக்குநரே, நீங்கள் படித்தவர், பெரியவர், கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் வியாபாரி. அதனால்தான் எனக்கு இது உடனே புரிந்தது.

சரி, கோபம் போதும். வேலைக்கு வருகிறேன்.

இரங்கல் கூட்டத்தில் "அவர் விட்ட பணியைத் தொடர்வோம்" என்று எல்லோரும் சொல்கிறோம், படி இறங்கியதும் மறந்துவிடுகிறோம். நான் என்னால் ஆவதை மட்டும் சொல்கிறேன். இந்தக் காயிலுக்குப் புது உறை போட்டு என் கடை முன்னால் ஒரு நாற்காலியும் போடுகிறேன். மகிழ்ச்சிக் காந்தத்துக்குப் போக நினைக்கிற எவரும் முதலில் என் கடைக்கு வரலாம். இது டம்மி என்று சொல்லிவிட்டுத்தான் வைப்பேன். சொன்ன பிறகும் மனம் லேசானால் சந்தோஷம், நேராகத் தம்பி வீட்டுக்குப் போங்கள். இரண்டாவது, டாக்டரம்மாவின் அறிக்கையில் உள்ள அந்தப் 'பத்தில் ஏழு பேர்' வாக்கியம், முழு வாக்கியம், இன்று முதல் என் கடை பில்லின் பின்பக்கத்தில் அச்சாகும். கடைத்தெருவில் இன்னும் பதினாறு கடைக்காரர்கள் தங்கள் பில்லிலும் போடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பளபளப்புத் தாள் எத்தனை பேர் கைக்குப் போகிறது, எங்கள் பில் எத்தனை பேர் கைக்குப் போகிறது, பார்ப்போம். மூன்றாவது, டெக்னீஷியன் அம்மாவிடம் டாக்டரம்மாவின் நோட்டுகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அந்த ஒரு துளி உண்மையை வைத்து அடுத்த கேள்வியைக் கேட்க எந்த ஆராய்ச்சியாளர் வந்தாலும், அவருக்கு வேண்டிய டம்மியை நான் சுற்றித் தருவேன். நாலு முறை திருப்பி அனுப்பட்டும், ஐந்தாவது முறையும் சுற்றுவேன்.

இனி ஐயாவுக்கு ஒரு வார்த்தை. ஐயா, நேற்று நீங்கள் என் கடைக்கு வந்தீர்கள். "எனக்கு மேடையில பேச வராது. நீங்க பேசுங்க. உங்களைப் பாத்துத்தானே அவ சிரிச்சா" என்றீர்கள். காகிதத்தில் சுற்றி ஒன்றைக் கொடுத்தீர்கள். அதைக் கொண்டுவந்திருக்கிறேன். கையெழுத்துப் போடுவதும் போடாததும் உங்கள் உரிமை. அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் போடுவதற்கு முன் இந்த ஒரு வேலையை நாம் இரண்டு பேரும் சேர்ந்து முடித்துவிடலாமா?

எழுந்து வருகிறார். வழி விடுங்கள். மெதுவாக வாருங்கள் ஐயா, அந்தப் படியில் வயர் கிடக்கிறது.

இந்தப் பூவைக் கொஞ்சம் நகர்த்துங்கள். அந்த வெட்டிய படத்தை எடுத்துப் பச்சைக் கோப்பின்மேல் கவிழ்த்து வையுங்கள். இயக்குநர் அவர்களே, முழங்கையைக் கொஞ்சம்... நன்றி. இப்போது இதை நிமிர்த்துங்கள். ஐயா எடுத்த முழுப் படம். பின்வரிசைக்குத் தெரிகிறதா? படிக்கட்டுக்குத் தெரிகிறதா?

பாருங்கள். கை இருக்கிறது. கையில் காயில் இருக்கிறது. கைப்பிடியில் நீல டேப் இருக்கிறது. ஓரத்தில் வாயைப் பிளந்துகொண்டு ஒருவன் உட்கார்ந்திருக்கிறானே, அது நான்தான். என்னையும் சேர்த்துத்தான் வெட்டியிருந்தார்கள்.

ஐயா மேஜையிலிருந்து பேனாவை எடுக்கிறார். எடுத்த பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொள்கிறார். அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

அம்மா, நல்லாச் சிரிங்க. அன்னிக்கு நான் ஏமாந்தது நிஜம்தான். உங்க பேரைச் சொல்லி இனிமே ஒருத்தரும் ஏமாறாம நான் பாத்துக்கறேன்.